நான்காம் தொட்டி

குய் நியோன் துறையில் அதை
வலையிலிருந்து பிரித்தவன் கோவா.
அறுநூறு மீட்டர் இருட்டைத் தாண்டி ஏறியதில்
பதினான்கு காலில் இரண்டு முறிந்திருந்தன.
மீதிப் பன்னிரண்டும்
தராசுத் தட்டைப் பிராண்டின.
எண் நிலைக்கக் காத்திருந்து எழுதினேன்:
கடல்வண்டு ஒன்று. ஒரு கிலோ நூற்றெண்பது.

ஊனத்துக்குப் பாதி விலை.
ஆகவே மூலையில்,
குளிரூட்டி இரையும் நான்காம் தொட்டி.

சாப்பிட வந்தவர்கள்
கைபேசி விளக்கைக் கண்ணாடியில் வைப்பார்கள்.
உள்ளிருந்து இரண்டு முக்கோணப் பொன்தகடுகள்
அந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பிக் கொடுக்கும்,
சில்லறை பாக்கியில்லாமல்.
"கரப்பானுக்கு அப்பன்!" என்று கத்தினான் ஒரு பையன்.
முதலாளி லியெவ் அம்மாள் விடவில்லை:
"ஓட்டை உடைத்துப் பாருங்கள், சிங்கிறால் தோற்கும்."
அவர்கள் சிப்பி தின்றுவிட்டுப் போனார்கள்.

கானாங்கெளுத்தித் தலை போட்டேன்.
நீண்ட மீசையால் தொட்டது;
வேறு யாருக்கோ வந்த கடிதம் போல்
நகர்த்தி வைத்தது.
கணவாய் போட்டேன். அதுவும் ஊறி வெளுத்தது.

திங்கள்தோறும் நிறுத்தேன்.
ஆயிரத்து நூற்றெண்பது.
ஆயிரத்து நூற்று எழுபத்தெட்டு.
புயலில் கூரைத்தகரம் போன வாரமும்
எழுபத்தெட்டேதான்.

இளைத்தது கடை.
முதலில் மேசை விரிப்புகள், பிறகு மேசைகள்.
சமையற்காரர் புவ் கத்திகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு
டா நாங் பேருந்தில் ஏறினார்.
ஒன்று, இரண்டு, மூன்றாம் தொட்டிகளை விற்றாயிற்று.
எனக்கு நான்கு மாதச் சம்பளம் நின்றது.
அதற்காகவே தினமும் வந்து
காலிக் கல்லாவின் பின்னால் உட்கார்ந்தேன்.
இருவரும் அசையாமல் இருந்தோம்.
அதற்கு அது பழக்கம்.
என்றோ ஒரு திமிங்கிலம் செத்து இறங்கும்,
அதுவரை வயிற்றை மடித்துவைக்கத் தெரியும்.
நான் பிற்பகலுக்குள்
பத்து நகத்தையும் கடித்து முடிப்பேன்.

கடைசி நாள்
சாவிக்கொத்தை மேலே வைத்துச் சொன்னாள் லியெவ் அம்மாள்:
"பணமில்லை, ஹான். வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்."
நிறுத்தேன். ஆயிரத்து நூற்று அறுபத்தொன்று.
சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

பனிக்கட்டிப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டித்
துறைக்குப் போனபோது
கோவா டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான்.
"தின்னவா, விடவா?"
மூடியைத் திறந்தேன்.
விளக்குக் கம்பத்து வெளிச்சத்தை வாங்கி
எங்கள் இருவர் முகத்துக்கும் தந்தது.
"ஆழத்தில் விடு. கரையோரம் வேண்டாம்."
"அவ்வளவு தூரத்துக்கு டீசல்?"
கடிகாரத்தைக் கழற்றி நீட்டினேன்.
வாங்கவில்லை. அது எப்போதோ நின்றுபோனது,
அவனுக்கும் தெரியும்.

விட்டானா, விற்றானா?
நான் கேட்கவில்லை.
அன்றிரவு துறைமுனையில், ஆவி பறக்கும் தள்ளுவண்டி முன்
இரண்டு கிண்ணம் மீன் நூடுல்ஸ் தின்றேன்.
மூன்றாவதுக்கும் நீட்டினேன் கையை.