பாதி விலை

பங்சாரில் ஒரு மாலின் கீழ்தளம் இரண்டில்
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
காய்களுக்கு விலை ஒட்டுகிறேன்.
புதிதாய் வந்ததற்கு வெள்ளைச் சீட்டு
யாரும் தொடாமல் வாடத் தொடங்கியதற்கு மஞ்சள்.

எண்டைவ் என்று பெட்டியில் எழுதியிருக்கும்.
மேல்தளத்துக்கு வரும் பிரெஞ்சுக்காரம்மா
'ஆன்தீவ்' என்பாராம்
ஏதோ ஒரு தீவுக்குப் படகு கேட்பதுபோல்.
எனக்கு அது
நிறமெல்லாம் வடிந்துபோன
சின்ன வாழைப்பூ.

ஊதாத் தாளில் சுற்றி வரும்.
பிரித்து வைக்காதே என்பான் தில்பகதூர்.
வெளிச்சம் பட்டால் பச்சையாகும்
பச்சையானால் கசப்பு ஏறும்.
வேரை இருட்டறையில் ஊன்றி
இருட்டிலேயே முளைக்க விட்டு
இருட்டிலேயே ஒடித்து
விமானம் ஏற்றுகிறார்களாம்.
அவன் சொல்லி முடித்ததும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
பிறகு அவன் தக்காளிக்குப் போனான்
நான் வெங்காயத்துக்கு.

முதல் தடவை மஞ்சள் சீட்டில் மூன்று
நாலு வெள்ளி தொண்ணூறு காசு.
அரிந்து, கடுகு தாளித்து
தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்தேன்.
சட்டியெல்லாம் தண்ணீர்
தொண்டைவரை கசப்பு.
வடமலை ஒன்றும் சொல்லாமல் தின்றார்
மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார்
'பாகற்காய்க்கு வெளிநாட்டுச் சம்பந்தி' என்று
கிள்ளானுக்கு லோரி எடுத்துப் போய்விட்டார்.

இரண்டாம் தடவை அரியவில்லை.
நெடுக்காக இரண்டாய்ப் பிளந்தேன்.
அடியில் கூம்பாக ஒரு கட்டித் தண்டு
கசப்பின் சொந்த வீடு அதுதான்.
கத்தி முனையால் தோண்டி எடுத்தேன்
முழுதும் இல்லை
இதழ்கள் பிரியாத அளவுக்கு.

வெண்ணெய் உருகியதும்
வெட்டிய முகம் கீழே படக் கவிழ்த்தேன்.
கிளறக் கூடாது.
பதினெட்டு வருஷமாய்
கிளறாமல் நான் ஒன்றும் சமைத்ததில்லை.
கரண்டி பிடித்த கை அரிக்கிறது.
வெண்ணெய் முதலில் சண்டை போட்டது
பிறகு பேசியது
பிறகு முணுமுணுத்தது.
ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன்
பாக்கார் ரொட்டியின் ஓரம்போல் சிவந்திருந்தது.
குலா மெலாக்கா கொஞ்சம் சீவிப் போட்டு
கிச்சாப் இரண்டு சொட்டு
கஸ்தூரி எலுமிச்சை ஒன்று பிழிந்து
உப்பு, மிளகு, மூடி.
தீயை ஊசி முனைக்குக் குறைத்தால்
இருபது நிமிடம்.

இங்கேதான் கணக்கு இடித்தது.
செந்தூலில் நான் வந்து சேர ஆறே முக்கால்
அவர் புறப்பட ஏழு இருபத்தைந்து.
ஒரு நாளில் நாங்கள் இருவரும் விழித்திருப்பது
நாற்பது நிமிடம்
அதில் பாதியைக் கேட்கிறது
பாதி விலைக்கு வந்த ஒரு காய்.

அடுப்படியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.
தண்ணீர் பில் பற்றிப் பேசினோம்.
மாடி வீட்டில் யாரோ மறுபடி ஆணி அடிப்பதைப் பற்றி.
கட்டைவிரலைக் காட்டினார்
கொள்கலன் கதவு நசுக்கி
நகம் கறுத்திருந்தது.
எப்போது என்றேன்.
போன செவ்வாய் என்றார்.
இன்று திங்கள்.

மூடியைத் திறந்தபோது
ஆவியில் கொஞ்சம் கருகல், கொஞ்சம் தேன்.
மங்கில் போட்டேன். கத்தி தேவைப்படவில்லை
கரண்டி பட்டதும் மடிந்து கொடுத்தது.
ஊதி ஊதிப் பசியாறினார்.

'லேசாக் கைக்குது' என்றார்.
கசக்குது என்று சொல்ல மாட்டார்
அவர் வீட்டில் எல்லாருக்கும் கைக்கத்தான் செய்யும்.
கல்யாணமான புதிதில்
கையைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று
என் கையைப் பார்த்துக்கொள்வேன்.

இன்றும் பார்த்தேன்.
வெண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள் சீட்டின் பசை.
'இன்னொண்ணு வை' என்று மங்கை நீட்டினார்.

அவர் போன பிறகு
சன்னல் வழியே வெயில் மேடைக்கு வந்தது.
மிச்சமிருந்த ஒன்று
தாளில்லாமல் அங்கே கிடந்தது.
எழுந்து மூட வேண்டும் என்று நினைத்தேன்.
பச்சையாகட்டும் என்று
படுக்கப் போனேன்.