ஒரு போல்ட் போதும் என்றான்

ஹ்ராயர் சொன்னான்:
பழைய காற்றுப் பெட்டியைக் கழற்றி எறி.
இந்த அலுமினியக் குழாயைப் பார்,
முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.
மிதித்தால் உறுமும், தெருவே திரும்பும்.
மிச்சம் தொங்கும் ரப்பர் குழாய்களா?
ஆளுக்கொரு போல்ட் வைத்து அடை, டெல்ஃபினா.
யார் பார்க்கப்போகிறார்கள்?

ஃப்ரெஸ்னோவில் ஆகஸ்ட். இரவு ஒன்பது மணி,
வெயில் போயும் வெக்கை போகவில்லை.
பாதாம் மரங்களை இயந்திரம் உலுக்கிய புழுதி
தெருவிளக்கைப் பழுப்பாக்கிவிட்டது.
திராட்சைப் பெட்டி அடுக்கிய கையோடு
பானட்டைத் தூக்கிக் குச்சி வைத்தேன்.

உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது,
எண்ணெய் பட்டு, ஓரம் கருகி.
எந்தக் குழாய் எங்கே போகவேண்டும் என்று
கோடு கோடாய் ஒரு படம்.
இந்த வண்டியை நான் வாங்கி நாலு வருஷம்.
இன்றுதான் படிக்கிறேன்.

என்ஜின் வெறுமே மூச்சு விடுவதில்லை.
எரிந்ததில் கொஞ்சம் பிஸ்டன் ஓரம் கசிந்து
அடிவயிற்றில் தங்குகிறது.
அந்த எச்சிலை ஊர்மேல் துப்பாமல்
தானே விழுங்கிக்கொள்ளத்தான் அந்தக் குழாய்.
இன்னொன்று, சுத்தக் காற்றில் ஒரு வாய்
புகைபோகும் வழிக்குக் கொண்டுபோய்
பாதி வெந்ததை வேகவைக்கிறது.
வேகத்துக்கு இவை தடையில்லை.
குழாய் செய்தவன்தான்
ஒன்றுக்கு மட்டும் வாய் வைத்துவிட்டு
மற்றதை மறந்திருக்கிறான்.

அந்த மற்றதைத் தடவிக்கொண்டே போனேன்.
பெட்டிக்கு அடியில், கைக்கு மட்டும் எட்டும் இடத்தில்,
ஏற்கெனவே ஒரு போல்ட்.
துருப்பிடித்து, கிளாம்ப் போட்டு, கச்சிதமாக.
எனக்கு விற்றவர் செய்தது.
ஏன் எந்த விளக்கும் எரியவில்லை என்று
டாஷ்போர்டைப் பிரித்தேன்:
என்ஜின் படம் போட்ட கண்ணாடிக்குப் பின்னால்
பல்பையே காணோம்.

சிரித்துவிட்டேன்.
நாலு வருஷம், ஒரு நாள் விடாமல்,
பள்ளிக்கூட வாசலைக் கடந்திருக்கிறேன்.
அங்கே காற்றுக்கு ஒரு கொடி ஏற்றுவார்கள்:
பச்சை என்றால் விளையாட விடுவார்கள்,
சிவப்பு என்றால் எல்லாரும் உள்ளே.
சிவப்பைப் பார்த்ததும் நான் செய்ததெல்லாம்
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டது.

ஹ்ராயரின் டிரில்லையே இரவல் கேட்டேன்.
மினுங்கிய குழாயில் துளை போடுவதை
கோயிலில் ஆணி அடிப்பதுபோலப் பார்த்தான்.
சீவலை ஊதி, துடைத்து, மறுபடி துடைத்து,
பித்தளை மூக்கை முடுக்கி,
புது ரப்பரை வெந்நீரில் இளக்கிச் செருகினேன்.
வெப்பமானியின் வயரை மறந்துபோய்
பாதியில் திரும்பக் கழற்றினேன்.
நாலு டாலருக்கு ஒரு பல்ப்.
ஸ்டார்ட் செய்ததும் மஞ்சளாய் எரிந்தது,
அடுத்த மூச்சில் அணைந்தது.
எரிந்து அணைவதுதான் அதற்கு அழகு.

உறுமல் வந்தது. வேகம்,
உண்மையைச் சொன்னால், பெரிதாக ஒன்றுமில்லை.

சோதனை நிலையத்தில் அந்த அம்மாள்
கம்பி நுனிக் கண்ணாடியை உள்ளே விட்டு
ஒவ்வொரு குழாயாய்ப் பின்தொடர்ந்தார்.
குழாயின் அனுமதி எண்ணைக் குறித்துக்கொண்டார்.
பித்தளை மூக்கருகே கண்ணாடி நின்றது.
"இந்தத் துளை யார் போட்டது?"
நான்தான் என்றேன்.
பதில் சொல்லாமல், பேனா மூடியைக் கடித்தபடி
அச்சு இயந்திரத்தின் பக்கம் போனார்.

இன்று காலையும் சிவப்புக் கொடிதான்.
ஒரு குழாய்க்கெல்லாம் கொடி நிறம் மாறுமா?
சீருடைப் பையில் போட்டு மறந்த அந்தப் பழைய போல்ட்
துவைக்கும் இயந்திரத்துக்குள்
இப்போது கடகடவென்று சுற்றிக்கொண்டிருக்கிறது.