ஒன்பதாம் வார்டு இருமல்

தீர்மானப் புத்தகம் முழுக்க என் கையெழுத்து.
ஏழு வருஷமாய் எல்லாத் தீர்மானத்துக்கும் ஒரே வால்:
'ஒருமனதாக நிறைவேறியது.'
சில மாதம், கூட்டத்துக்கு முந்தின ராத்திரியே
வாலை எழுதிவிட்டுத்
தலைக்கு இடம் விட்டிருக்கிறேன்.

உலகம்மை சும்மா வந்தவளில்லை.
ஆயிரத்து முந்நூற்றுப் பதினொரு ஓட்டு.
எண்ணிய பள்ளிக்கூடத்தில் நானும் இருந்தேன்;
பூட்டிய பெட்டி, உடையாத அரக்கு.
காசு கொடுத்தவர் ஒருவர்தான்,
அவர் தோற்றார்.

சேரன்மகாதேவி ஆபீசில்
மூன்று நாள் தரையில் உட்கார்ந்து
மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.
ராத்திரி ரெண்டு மணிக்குக் குழாய் இருமிற்று,
செம்மண் துப்பிற்று,
பிறகு தெளிந்தது.
குடத்தோடு நின்றவர்களில் என் மனைவியும் உண்டு.

கேள்வி கேட்ட தெருவில்
விளக்கு எரிய நாளாகும் என்பதும்,
நூலகச் சாவி அவள் இடுப்பில் தொங்குவதும்
அதே ஊரில்தான்.

பீடிக் கம்பெனியில் கட்டு ஒப்படைக்கும் வரிசையில்
தினமும் இதே வழக்கு.
"ராணி மாதிரில்லா பேசுதா" என்பாள் பகவதி.
"ராணிக்கு யாருட்டீ ஓட்டுப் போட்டா?
இவளுக்கு நீதான போட்ட?" இது மீராள் பாத்து.
"போட்டேன். என் வாயையும் சேத்தா
பெட்டிக்குள்ள போட்டேன்?"
அதற்குள் கணக்கப்பிள்ளை
நாலு கட்டைக் கழித்துத் தள்ளியிருப்பார்.
அவரிடம் யாரும் வழக்குப் பேசுவதில்லை;
அவர் ஓட்டுக் கேட்டு வந்தவரில்லை.

நான் சம்பளக்காரன், பேசுவதில்லை.
ஆனால் எனக்கென்று ஓர் அளவு உண்டு.

தீர்மானம் வாசித்ததும்
"ஆட்சேபணை உண்டா?" என்று கேட்க வேண்டும்.
இன்றுவரை அவள் கேட்காமல் விட்டதில்லை.
அந்தக் கேள்விக்கும் அடுத்த தீர்மானத்துக்கும்
நடுவில் கிடக்கிற நேரத்தைத்தான் பார்ப்பேன்.
முதல் வருஷம் அதில் டீ ஆறி ஆடை கட்டும்.
"என்ன மூக்காண்டி, வாயத் தொறங்க" என்று
சும்மா இருந்தவரையும் கிள்ளிவிடுவாள்.
மூன்றாம் வருஷம், மின்விசிறி நாலைந்து சுற்று.
இப்போது நான் பக்கம் புரட்டும் நேரம்.
எச்சில் தொட்டுப் புரட்டினால் கொஞ்சம் கூடும்;
அதனால் எச்சில் தொட்டே புரட்டுகிறேன்.

போன செவ்வாய், முப்பத்தேழாவது தீர்மானம்:
குளத்து மீன் ஏலத்தை இனித்
தலைவரே முடிவு செய்யலாம்.
"ஆட்சேபணை உண்டா?"
விரலை நாக்கில் வைத்தேன்.
ஒன்பதாம் வார்டு ஜெபசீலி இருமினாள்.

இருபது வருஷம் இலையும் தூளும் தின்ற நெஞ்சு,
இருமல் புதுசில்லை.
அந்த இடத்தில் யாரும் இருமியதில்லை, அவ்வளவுதான்.
எல்லாத் தலையும் திரும்பிற்று.
"ஆட்சேபணையா ஜெபசீலி, இருமலா?"
சிரித்தார்கள். உலகம்மையும் சிரித்தாள்.
சிரிப்பு முடிந்த பிறகும்
ஜெபசீலி பதில் சொல்லவில்லை.
தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தாள்.

வால் முந்தின ராத்திரியே எழுதியாயிற்று.
அதற்குக் கீழே, கோட்டுக்கு வெளியே,
கோணிய எழுத்தில் சேர்த்தேன்:
'ஒன்பதாம் வார்டு உறுப்பினர் இருமினார்.'

புத்தகம் கையெழுத்துக்குப் போயிற்று.
அவள் கண்ணாடி மாட்டினாள்.
நான் சுவர்க் காலண்டரில் அமாவாசை தேடினேன்.
பேனா நின்றது.
பிறகு ஓடியது.
ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைத் தள்ளினாள்.

"வாசிச்சிட்டும் போட்டால்லா, பெரிய மனசு."
"வாசிக்காமலே போடுதவ அவ."
"இருமுனா என்ன ஆயிரும்னுதான் போட்டா."
வரிசை நீண்டு கால்வாய்ப் பாலம்வரை போகிறது.
ஜெபசீலி கட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்,
அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த கூட்டம் இருபத்தெட்டாம் தேதி.
நேற்று ராத்திரி புத்தகத்தை விரித்தேன்.
இந்தத் தடவை வாலுக்கும் இடம் விட நினைத்தேன்.
கைப் பழக்கம்,
'ஒரு' என்பது மட்டும் விழுந்துவிட்டது.