சூடேற்றிக்கு மேலே ஒரு பலகை

கப்பலில் விட்டுப்போன பொருளை
ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும்.
குடை, ஒற்றைக் கையுறை, ஒருமுறை ஒரு பல்செட்,
எல்லாவற்றுக்கும் அதே விதி.

ஆறு மாதம் தாண்டியும் எவரும் கேட்காத
பதினொரு புத்தகங்களை
விர்ட்சு துறையின் காத்திருப்பு அறையில்,
சூடேற்றிக்கு மேலே இருந்த பலகையில் அடுக்கினேன்.
பயணச்சீட்டுத் தாளைக் கிழித்து
ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுதிச் செருகினேன்.

"அருமை. கட்டாயம் படிக்கவும்."
"மிக அருமை."
"நெஞ்சைத் தொடும் கதை."

குளிர்காலம் முழுக்க ஒருவரும் தொடவில்லை,
நெஞ்சைத் தொட்டதைக்கூட.

மார்ச் மாதம். காற்று ஏறி
மூஹு தீவுக்கான கப்பல் மூன்று மணி நேரம் நின்றுபோனது.
மணல் லாரி ஓட்டும் எண்டெல்
பலகையருகே நின்று சீட்டுகளை மட்டும் படித்தான்,
ஒன்று விடாமல்.
பிறகு என் ஜன்னலுக்கு வந்தான்.
"இதையெல்லாம் நிஜமாகவே படித்தாயா?"
"எல்லாவற்றையும்."
"அப்புறம் ஏன் படிக்காதவள் மாதிரி எழுதியிருக்கிறாய்?"

கப்பல் வந்தது, அவன் போய்விட்டான்.
என் கோபம் மட்டும்
அடுத்த நடைக்கும் ஏறாமல் கரையிலேயே நின்றது.

அன்று இரவுப் பணி.
சீட்டுகளை உருவி மேசையில் பரப்பி
"அருமை"யை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன்.
பதினொரு வெள்ளைத் தாள்கள்.

திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன்.

"நாற்பதாம் பக்கத்திலிருந்து எழுபது வரை
ஒரு பசுவை விலை பேசுகிறார்கள். தாண்டிவிட்டேன்.
குற்ற உணர்ச்சி இல்லை."

"இதில் வரும் அம்மாவை எனக்குப் பிடிக்கவில்லை.
கதவைச் சாத்தும் விதம்
என் அம்மாவுடையது. அதனாலும் இருக்கலாம்."

சமையல் புத்தகத்துக்கு:
"நூற்றுப் பன்னிரண்டாம் பக்க ஓரத்தில் யாரோ
'செய்ய வேண்டாம், லெம்பிட் சாப்பிடவில்லை'
என்று எழுதியிருக்கிறார்கள்.
லெம்பிட் சாப்பிடாததை நான் செய்தேன்.
கொஞ்சம் வெந்தயக்கீரை கூடுதல். மற்றபடி லெம்பிட்டின் தவறு."

ஏப்ரலில் அந்தப் புத்தகம் காணாமல் போனது.
இருபத்தைந்து வருட வேலையில்
ஒரு பொருள் தொலைந்ததற்கு
முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன்.
பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவது போல
அந்த இடைவெளியை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைமு சொன்னாள்: "மதிப்பெண் போடேன், ஐந்துக்கு இவ்வளவு என்று."
ஒரு வாரம் போட்டேன்.
மூன்றரை வாங்கிய நாவலுக்காக
அவளே என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.
விட்டுவிட்டேன்.

ஜூனில் என் சீட்டின் அடியில்
பச்சை மையில் வேறொரு கையெழுத்து:
"பசு அல்ல, காளை.
முப்பது பக்கம் தாண்டினால் இப்படித்தான்."
எடுத்துப் பார்த்தேன்.
காளைதான்.

புதுச் சீட்டு எழுதக் கை போனது.
வேண்டாம் என்று
"பசு"வின் மேல் ஒரு கோடு மட்டும் இழுத்தேன்,
கீழே இருப்பது தெரியும்படி.
தப்பு கண்ணில் பட்டால்தானே
இன்னொருவர் பேனாவைத் தேடுவார்.

இப்போது மறதியால் வருபவை குறைவு.
வேண்டுமென்றே விட்டுப்போகிறார்கள்.
பலகை இரண்டாகிவிட்டது.
பச்சை மைக்காரர் யாரென்று இன்னும் தெரியாது.
கப்பலில் ஏறும் எல்லோருடைய சட்டைப்பையையும்
ஒரு நொடி அதிகமாகப் பார்க்கிறேன்.

நவம்பரில் எண்டெல் ஒரு தடித்த புத்தகத்தைத் திருப்பித் தந்தான்.
உள்ளே ஒரு சீட்டு.
"அருமை."

ஜன்னல் வழியாக அதைத் திருப்பித் தள்ளினேன்,
பேனாவோடு சேர்த்து.

வரிசையில் முதலாவதாக நிற்பது அவன் லாரி.
கப்பலின் கதவு திறந்துவிட்டது.
பின்னால் எட்டு வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.
அவனோ
பரீட்சைப் பையனைப் போல இடக்கையால் தாளை மறைத்துக்கொண்டு
இன்னும்
எழுதிக்கொண்டிருக்கிறான்.