கடைசி எண் ஏழு

மே மாதம். காட்பாடிப் பக்கமிருந்து வரும் காற்றும்
கொதித்துக்கொண்டே வருகிறது.
கவுன்சிலுக்கு எழுதும் கடிதம்
இரண்டு நாளில் மூன்று வரி ஆகியிருக்கிறது.

‘மேற்படி செவிலியரின் பணித்தகுதி குறித்து’ என்று தொடங்குகிறது.
மேற்படி என்றால் குணசீலி.
ஐ.சி.யூ.வில் பதினோரு வருடம்.
நோயாளிகளைத் தூக்கித் தூக்கி
முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கியவள்.
பெல்ட்டை இறுக்கிக்கொண்டு
ஆற்காட்டிலிருந்து பஸ்சில் நின்றே வருவாள்.
உட்கார்ந்தால் எழ முடியாதாம்.

பெத்தடின் ரெஜிஸ்டரில்
மார்ச்சில் இரண்டு ஆம்பூல் ‘உடைந்தது’.
ஏப்ரலில் ஐந்து.
கண்ணாடிதான், உடையும்.
அவளுடைய நைட் டூட்டியில் மட்டுமா?

நாலாம் கட்டில், குடியாத்தத்து நெசவாளி.
தையல் போட்ட வயிற்றோடு
விடிய விடிய முனகினார்.
இரண்டு மணிக்கு ஊசி போட்டதாக சார்ட் சொல்கிறது.
போட்டது வெறும் உப்புத்தண்ணீர் என்று
ஐந்து மணிக்கு அவர் பல்லைக் கடித்தது சொன்னது.

எனக்கு அன்றைக்கே தெரியும்.
தெரியும் என்பது பெரிய வார்த்தை.
ரெஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனேன்.
அப்படி மூன்று வாரம்.
அதை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
மறைத்து அனுப்ப மனசு வரவில்லை.
நின்றபடியே படித்தாள்.
அழுவாள் என்று தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன்.
அவள் விரல் மேலே போய்
ஓர் இடத்தில் நின்றது.

“பதிவு எண் தப்பு, சிஸ்டர்.
கடைசி எண் ஏழு. ஒன்று போட்டிருக்கீங்க.
அது வேற எவளோ.
பாவம், அவளை ஏன்?”

கோடு போட்ட ஒன்றை ஏழாக்கினேன்.
பேனா தாளில் கொஞ்சம் கிழித்தது.
அந்தத் தண்ணீரை நான்தான் குடித்தேன்.
அவள் அன்றைய ஹேண்டோவரை
ஒரு கட்டில் விடாமல் சொல்லிவிட்டுப் போனாள்.
நாலாம் கட்டில் வரும்போது மட்டும்
குரல் இறங்கியது.

சத்துவாச்சாரி தபால் நிலையத்தில்
உறையைத் தராசில் வைத்தவர்
“எடை கூடுதே மேடம்,
ஒரு தாள்னு சொன்னீங்க?” என்றார்.

ஒரு தாள்தான்
வீட்டை விட்டுக் கிளம்பும்வரை.
இன்னொன்றில் இருப்பது அந்த மூன்று வாரம்,
கீழே என் பதிவு எண்.
ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தது.