உடைசல் கணக்கு

ரோடு எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்,
முட்டையைக் கேளுங்கள்.
நாற்பது அட்டை, அட்டைக்கு முப்பது.
மூஞ்சிக்கல்லில் ஏற்றி
பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி தாண்டி
கிளாவரையில் கடைசி அட்டையை இறக்கியதும்
நோட்டில் எழுதுவேன்: உடைசல் பதினொன்று.
மழைக்காலமென்றால் பதினான்கு.

ஜிப்ஸிக்கு நாலு சக்கரத்திலும் பட்டைதான்.
ஒரு கூழாங்கல்லைக்கூட மறைக்காது,
நேராக முதுகெலும்பிடம் போய்ச் சொல்லிவிடும்.
ஓடும்போது பேசினால் நாக்கு வெட்டுப்படும்,
அதனால் பேசுவதில்லை.
சனிக்கிழமை வசூலுக்கு வரும்
முதலாளி ஞானப்பூ அக்கா
இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து
கண்ணை இறுக மூடிக்கொள்வார்
போகும்போதும் வரும்போதும்.

போன மாதம் டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டினாராம்.
அக்கா நேரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து
இன்னாசியிடம் கேட்டார்:
“வண்டிய விக்கிறதா, இடுப்ப விக்கிறதா?
ஒண்ணு சொல்லு.”

இன்னாசி இரண்டையும் விற்கச் சொல்லவில்லை.
யு போல்ட்டைக் கழற்றி
பட்டைகளை வரிசையாகத் தரையில் படுக்கவைத்தான்.
ஒன்றோடொன்று துருப்பிடித்து
ஒட்டிப் போயிருந்தன, பேச்சை நிறுத்திவிட்ட பங்காளிகள் போல.
கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான், கறுப்பு கிரீஸ் பூசினான்,
பூச்சிமருந்து கேனை நீளவாக்கில் வெட்டி
இடைக்கு இடை வைத்தான்.
அடியில் இருந்த குட்டைப் பட்டையை எடுத்து
ஓரமாகப் போட்டான்: “இது லாரி சுமக்கிறவனுக்கு,
நீ சுமக்கிறது முட்டை.”
புஷ் புதுசு. ஷாக் புதுசு.
ஷேக்கில் போல்ட்டை மட்டும் முடுக்கவில்லை.
ஜாக்கியை இறக்கி
வண்டி தன் காலில் நின்ற பிறகுதான்
ஸ்பேனரை எடுத்தான்.
“தொங்கும்போது இறுக்கினா
ஆயுசுக்கும் முறுக்கிக்கிட்டே நிக்கும்.”
டயரில் முப்பத்திரண்டு இருந்த காற்றை
இருபத்திரண்டாக்கினான்.

அந்தச் சனிக்கிழமை
வண்டி குழியில் இறங்கி, யோசித்து, ஏறியது.
மன்னவனூர் வளைவில் அக்கா கம்பியை விட்டார்.
“அது என்னடா, தண்ணியா?”
ஏரி, அக்கா.
“எப்ப கட்டுனாங்க?”

நான் சிரித்தேன்.
திரும்பி வரும்போது சாதாரணமாகக் கேட்டார்:
“இன்னிக்கு உடைசல் எத்தனை?”
“பதினொண்ணு” என்றது
பழகிப்போன என் நாக்கு, வெட்டுப்படாமல்.
அக்கா ஒன்றும் சொல்லவில்லை.
ஆட்டுப்பண்ணை முடியும்வரை
புல்வெளியையே பார்த்துக்கொண்டு வந்தார்,
கண்ணைத் திறந்து.

உடைந்தது எப்போதுமே மூன்றுதான். சில நாள் இரண்டு.
வனத்துறைக் கேட்டில் கையெழுத்துப் போட இறங்கும் சாக்கில் நாலு.
கவுஞ்சியில் ராக்கம்மா கடையில் நாலு:
ஆறு வருஷமாக என் டீக்கு அவள் காசு வாங்கியதில்லை,
நானும் நீட்டியதில்லை.
மிச்சப் பழியைக் குழிகள் சுமந்தன.
இத்தனை வருஷத்தில் எந்தக் குழியும்
எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடியலில் காற்று பிடிக்க நின்றேன்.
பையன் ஹோஸோடு குனிந்து கேட்டான்:
“எவ்வளவுண்ணே?”
முப்பத்தெட்டு என்றால் போதும்.
பழைய குலுக்கல் வரும்,
பதினொன்று நியாயமாகிவிடும்,
அக்காவின் கண்ணும் மூடிக்கொள்ளும்.
பனியில் கை விறைத்தது.
“இருபத்திரெண்டு.”
அவனுக்குக் கேட்கவில்லை.
இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைக்கு நோட்டில்
உடைசலுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து
புதுசாக ஒரு கோடு போட்டேன்.
உடைசல்: ஒன்று.
கொடுத்தது: எட்டு.
யாருக்கு என்று எழுத இடம் விட்டிருக்கிறேன்.

நோட்டு டேஷ்போர்டில் கிடக்கிறது.
குழிகளில் லேசாக அசைகிறது, விழவில்லை.
சனிக்கிழமை வந்துகொண்டிருக்கிறது,
ஒரு கிறீச் சத்தம்கூட இல்லாமல்.