பங்கேற்கவில்லை

பதிவேட்டின் ஆறாவது பத்தி என் கையெழுத்து.
மூன்று வருடம் ஒரே பேனாவில் எழுதினேன்:
உரிகம் நடுநிலைப் பள்ளி, சாரணர் படை,
பங்கேற்கவில்லை.
பங்கேற்கவில்லை.
மூன்றாம் முறை சோம்பலில்
மேற்படி.

சுற்றறிக்கை போகும், பதில் வராது.
நினைவூட்டலும் போகும்.
"ஆர்வமில்லாத பள்ளி" என்று
மாவட்டக் கூட்டத்தில் சொன்னதும் நான்தான்.

நான்காம் வருடம், நவம்பரில், நேரில் போனேன்.
தேன்கனிக்கோட்டையில் ஒரு பஸ், அஞ்செட்டியில் இன்னொன்று.
வளைவில் ஒற்றை யானை கடக்கும்வரை
ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு
வெற்றிலை மடித்தார்.
நான் பேச வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்:
ஒழுக்கம், தலைமைப் பண்பு, சான்றிதழ்,
கிருஷ்ணகிரி மைதானத்தில் நானூறு பிள்ளைகள்.

புங்கமரத்தடியில் ஏழு பேர்.
கழுத்துக்குட்டையில் சாயம் வெளுக்கவே இல்லை,
கட்டிக்கொண்டு போக இடமில்லாததால்.
நஞ்சுண்டன் வாத்தியார் இடதுகை நீட்டினார்.
மாவட்டச் செயலாளர் நான்,
மறந்துபோய் வலதுகை நீட்டினேன்.

பேசி முடித்தேன்.
அணித் தலைவன் கெம்பராஜ், ஏழாம் வகுப்பு,
பொறுமையாகக் கேட்டான்:
"முகாம்ல என்ன பண்ணுவீங்க மிஸ்?"

கூடாரம் அடிப்போம்.
கம்பும் கயிறும் வைத்து மேடை கட்டுவோம்.
தீ மூட்டுவோம்.
ராத்திரி முறைவைத்து விழித்திருந்து
காவல் காப்போம்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
கன்னடத்தில் என்னவோ ஓடியது, பின்னாலேயே சிரிப்பு.
"அதத்தான் மிஸ் தெனமும் பண்றோம்."

ராகிக் கதிர் முற்றும் நேரம்.
பரண்மேல் ஆளுக்கொரு டார்ச்,
தட்டுவதற்குத் தகர டப்பா,
கீழே தூங்குகிறவர்களை எழுப்ப
நாங்கள் எப்போதோ அனுப்பிவைத்த சாரணர் விசில்.
"டிசம்பர்ல நாங்க அங்க வந்துட்டா
பரண்ல யாரு உக்காருவா?"

நான் கொண்டுபோன பேச்சில்
அதற்கு ஒரு வரிகூட இல்லை.

டிசம்பர் என்று யார் முடிவு செய்தது?
அலுவலகம் வந்து கோப்பைப் புரட்டினேன்.
அரையாண்டு விடுமுறை. மைதானத்துக்கு வாடகையில்லை.
எனக்கு முன்பிருந்தவருக்கு வசதி, பிறகு எனக்கும்.
ராகியை யாரும் கேட்டிருக்கவில்லை.

ஒற்றை வரியில் சுற்றறிக்கை போனது:
திரளணி பிப்ரவரிக்கு மாற்றப்படுகிறது.
ஓசூரிலிருந்து போன் மேல் போன்.
"ரிவிஷன் டெஸ்ட் மேடம், இப்பப் போயி."
இரண்டு பள்ளிகள் வரவே இல்லை.
அவர்கள் வரிசையில் அந்தச் சொல்லை எழுதும்போது
பேனா கொஞ்சம் நின்றது.

உரிகம் வந்தது.
ஏழில் ஆறு. ருத்ரேஷுக்குக் காய்ச்சல்.
அணிவகுப்பில் இடம் வலம் குழம்பி
கடைசிக்கு முந்தைய இடம்.
மேடை கட்டுவதில் முதலிடம் என்று எழுத எனக்கும் ஆசைதான்.
கட்டினார்கள். நடுவர் ஏறி நின்று
குதித்தும் பார்த்தார். அசையவில்லை.
முடிச்சு புத்தகத்தில் உள்ளபடி இல்லையென்று
மதிப்பெண் குறைத்தார்.
வாதாடினேன்.
தோற்றேன்.

இரவு இரண்டு மணி.
நானூறு பேர் உறங்க,
அவர்கள் முறை வராமலே ஆறு பேர் விழித்திருந்தார்கள்.
டார்ச் வெளிச்சம் சையத் பாஷா மலையடிவரை
போவதும் வருவதுமாக இருந்தது.
"இங்க எதுவும் வராதுடா, படுங்க."

"தூக்கம் வரல மிஸ்."
கொஞ்ச நேரம் கழித்து, கெம்பராஜ்:
"அடுத்த வருஷம் டிசம்பர்லயே வைங்க.
ஆனா எங்க ஊர்ல வைங்க.
நானூறு டார்ச்சு இருந்தா
எந்த யானை வரும்?"

காலையில் பதிவேட்டைத் திறந்து
ஆறாவது பத்தியில் 6 என்று எழுதினேன்.
அவன் சொன்னதை எழுத
அதில் பத்தி இல்லை.
ஓரத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தேன்.
தலைப்பு
இன்னும் போடவில்லை.